எள்ளுப் புண்ணாக்கு சாப்பிட்டா கொலஸ்ட்ரால் குறையுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

செக்குமேடு

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம், தாத்தா காலத்துல இருந்து செக்குதான் தொழில், அப்ப மாட்டுச்செக்கு இப்ப மோட்டார் போட்ட மரச்செக்கு ரெண்டு ஓடுது. பெரும்பாலும் எள்ளுதான் ஆட்டறோம், தேங்காயும் கடலையும் அப்பப்ப.

விஷயம் என்னன்னா அம்மாவுக்கு 56 வயசு, போன மாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணதுல மொத்த கொலஸ்ட்ரால் 251, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 168னு வந்துச்சு. சர்க்கரை வேற பார்டர்ல இருக்கு. டாக்டர் கொலஸ்ட்ரால் குறைக்கற மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டின் 10 எழுதிக்கொடுத்தார். 12 நாள் போட்டாங்க, அதுக்குள்ள சொந்தக்காரங்க குரூப்ல ஒரு வீடியோ வந்துருச்சு, எள்ளுப் புண்ணாக்குல இருக்கற ஆன்டிஆக்சிடன்ட் ரத்தக்குழாயில இருக்கற கொழுப்பையெல்லாம் கரைச்சிரும், மாத்திரையே வேண்டாம், தினமும் ரெண்டு ஸ்பூன் பொடி வெந்நீர்ல கலக்கிக் குடின்னு. அம்மாவுக்கு இதுல முழு நம்பிக்கை, ஏன்னா நம்ம வீட்டுலயே மூட்டை மூட்டையா கெடக்குது. மாத்திரைய நிறுத்திட்டாங்க, நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல.

சின்ன வயசுல நாங்க அத தின்னவங்கதான். ஒரு ஈடு முடிஞ்சு எண்ணெய் வடிச்சதுக்கப்புறம் உரல் ஓரத்துல அப்பி இருக்கறத கம்பியால நெம்பி எடுப்பாங்க, சூடா, கருப்பட்டி போட்டு ஆட்டுனதால லேசா இனிச்சுக்கிட்டு, கையில எண்ணெய் மினுமினுன்னு ஒட்டும். ஸ்கூல் விட்டு வந்ததும் அதுதான் பலகாரம். அதனால சாப்பிடக்கூடாத பொருள்னு நான் நினைக்கல. ஆனா மருந்துக்கு பதிலா அது வேலை செய்யுமா?

இன்னொண்ணும் இருக்குதுங்க. இந்த வீடியோவுக்கு அப்புறம் புண்ணாக்கு கேட்டு ஆளுங்க வர்றாங்க. பிரெண்டு ஒருத்தன் இத அரைச்சு கால் கிலோ டப்பாவுல போட்டு 'கொலஸ்ட்ரால் பொடி'ன்னு ஸ்டிக்கர் ஒட்டி ஆன்லைன்ல விடலாம், மாட்டுக்கு போடறத விட பல மடங்கு விலை கிடைக்கும்ங்கறான். வருமானம் எங்களுக்கு தேவைதான், மறைக்கல. ஆனா எங்கம்மா விஷயத்துலயே எனக்கு தெளிவு இல்லாதப்ப அடுத்தவங்களுக்கு எப்படி விக்கறதுன்னு மனசு ஒப்பல. யாராவது உண்மையான விவரம் சொல்லுங்க.

பாட்டிவைத்தியம்_63

தம்பி எங்க ஆத்தா 91 வயசு வரைக்கும் இருந்தாங்க, எள்ளு, நல்லெண்ணெய், கருப்பட்டி இதுதான் சாப்பாடு, ஒரு மாத்திரை தொட்டதில்ல. புண்ணாக்குல கால்சியம் இருக்கு புரதம் இருக்கு, ஆந்திரா பக்கம் தெலகப்பிண்டின்னு இதையே முருங்கைக்கீரை போட்டு பொரியல் பண்றாங்க, பிள்ளை பெத்தவங்களுக்கு கூட கொடுக்கறாங்க. நம்ம ஆளுங்கதான் இத மாட்டுத்தீவனம்னு ஒதுக்கி வெச்சிட்டோம். அம்மா சாப்பிடட்டும், தடுக்காதீங்க.

ஆயில்லேப்

செக்குமேடு தம்பி, நான் 14 வருஷமா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள்ல லேப்ல இருக்கேன், புண்ணாக்கு, தவிடு, சோப் ஸ்டாக் (எண்ணெய சுத்தம் பண்றப்ப ஒதுங்கற சோப்பு மாதிரி கழிவு) இதோடயே குடித்தனம் நடத்தறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

பாட்டிவைத்தியம் ஐயா சொன்னதுல சாப்பாட்டு விஷயம் அத்தனையும் சரி. தெலகப்பிண்டி நானே சாப்பிட்டிருக்கேன், அருமையா இருக்கும். ஆனா கேள்வி அது இல்ல, மருந்துக்கு பதிலா வேலை செய்யுமாங்கறதுதான்.

வீடியோக்காரர் ரெண்டு தனித்தனி விஷயத்த ஒண்ணா போட்டு குழப்பிட்டார். ஆன்டிஆக்சிடன்ட்ங்கறது, அதாவது ஆக்சிஜன் பட்டு கெடறத தடுக்கறது ஒரு வேலை, கொலஸ்ட்ரால் அளவ குறைக்கறது வேற வேலை. முதல்ல சொன்னத செய்யற பொருள் ரெண்டாவதையும் செய்யணும்னு எந்த கட்டாயமும் இல்ல.

எள்ளுல லிக்னான்னு ஒரு வகை பொருள் இருக்கு. அதுல செசமின், செசமோலின் ரெண்டும் எண்ணெயில கரையும், அதனால நீங்க ஆட்டும்போது பெரும்பகுதி எண்ணெயோடயே போயிரும். நல்லெண்ணெய் சீக்கிரம் காறாம இருக்கறதுக்கு இந்த கூட்டம்தான் காரணம், எள்ள வறுத்தா செசமோலின்ல இருந்து செசமால் வரும், அது இன்னும் வலுவான ஆன்டிஆக்சிடன்ட். புண்ணாக்குல தங்கறது செசமினால் குளுக்கோசைடு, அது சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு இருக்கறதால தண்ணியில கரையும், எண்ணெயில கரையாது. குடல்ல இருக்கற பாக்டீரியா அந்த சர்க்கரைய வெட்டிவிட்டாதான் உள்ள இருக்கறது வேலைக்கு வரும். ஆக புண்ணாக்குல சரக்கு இருக்குங்கறது பொய் இல்ல.

இப்ப கவனிங்க. 1991ல ஜப்பான்ல எலிகளுக்கு செசமின் கொடுத்து பாத்தாங்க, குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறதும் குறைஞ்சுது, ஈரல்ல கொலஸ்ட்ரால் தயாரிக்கற என்சைமோட வேகமும் குறைஞ்சுது. நல்ல சேதி. ஆனா அது செசமின், அதாவது எண்ணெயோட போற பொருள். அப்புறம் 1999ல அதே ஜப்பான்ல எண்ணெய் எடுத்த எள்ளு மாவ, கிட்டத்தட்ட உங்க புண்ணாக்கு மாதிரியே, கொலஸ்ட்ரால் ஏத்தின முயல்களுக்கு கொடுத்தாங்க. கொழுப்பு ஆக்சிடைஸ் ஆகறது, அதாவது உடம்புக்குள்ள காறிப்போறதுன்னு வெச்சுக்கோங்க, அது குறைஞ்சுது. ஆனா ரத்தத்துல ஏறின கொலஸ்ட்ரால தடுக்கல. ஆன்டிஆக்சிடன்ட் வேலை நடந்துச்சு, கொலஸ்ட்ரால் வேலை நடக்கல, ஒரே மாவுல. உங்க கேள்விக்கு இதவிட நேரான பதில் என்கிட்ட இல்ல.

மனுசங்ககிட்ட முழு எள்ள வெச்சு பாத்ததும் ரெண்டு விதமா வந்திருக்கு. தைவான்ல மாதவிடாய் நின்ன பெண்களுக்கு தினமும் 50 கிராம் எள்ளுப்பொடி 5 வாரம் கொடுத்ததுல எல்டிஎல் 10 சதவீதம் பக்கம் குறைஞ்சுது, 2006ல வந்துச்சு. ஆஸ்திரேலியாவுல பெர்த்ல எடை கூடுன ஆளுங்களுக்கு தினமும் 25 கிராம், அதே 5 வாரம், 2009ல, ஒரு மாற்றமும் இல்ல. ரெண்டுமே சின்ன ஆய்வு. 50 கிராம் எள்ளுன்னா 280 கலோரிக்கு மேல, சர்க்கரை பார்டர்ல இருக்கறவங்க சாப்பாட்டோட கூட சேத்தா எடை ஏறும், அதையும் பாக்கணும்.

செக்குமேடு

ரொம்ப நன்றிங்க அண்ணா, ரெண்டு தடவ படிச்சேன். இந்த முயல் விஷயம் எனக்கு நல்லா பிடிபட்டுச்சு. ஒரு சந்தேகம், ஆன்டிஆக்சிடன்ட் கொழுப்பு காறிப்போறத தடுக்குதுன்னா அதுவே ரத்தக்குழாய்க்கு நல்லதுதானே? கொலஸ்ட்ரால் நம்பர் குறையாட்டி என்ன?

ஆயில்லேப்

நல்ல கேள்வி, உலகம் முழுக்க டாக்டருங்களும் இதையேதான் நினைச்சாங்க. ஆக்சிடைஸ் ஆன எல்டிஎல்தான் குழாய் சுவர்ல படியுது, அப்ப வைட்டமின் ஈ கொடுத்தா மாரடைப்பு குறையணும்ல? 2000த்துல வந்த ஹோப் ஆய்வுல ஒன்பதாயிரத்துக்கும் மேல ஆளுங்களுக்கு நாலரை வருஷம் வைட்டமின் ஈ 400 யூனிட் கொடுத்து பாத்தாங்க, ஒரு பிரயோஜனமும் இல்ல. 2002ல இங்கிலாந்துல 20,536 பேர வெச்சு ஒரே ஆய்வுல ரெண்டையும் பாத்தாங்க, வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூணும் சேந்த மாத்திரை ஒரு பக்கம், சிம்வாஸ்டாட்டின் 40 ஒரு பக்கம், இதுவும் உங்கம்மா மாத்திரை மாதிரி ஸ்டாட்டின் வகைதான். ஸ்டாட்டின் போட்டவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய சங்கடங்கள் நாலுல ஒரு பங்கு குறைஞ்சுது, வைட்டமின் போட்டவங்களுக்கு வித்தியாசமே இல்ல. டெஸ்ட் ட்யூப்ல நல்லா வேலை செய்யறது உடம்புல அப்படியே நடக்கறதில்ல தம்பி. அதனாலதான் நம்பர் முக்கியம்னு சொல்றேன்.

மருந்துக்கடை_அக்கா

தம்பி, நான் மதுரைப் பக்கம் 20 வருசமா மருந்தாளுநரா இருக்கேன். மேல அவரு சொன்னதுல ஒரு வரி கூட தப்பில்ல, நான் அம்மா பக்கம் வாறேன்.

அம்மா மாத்திரைய ஏன் நிறுத்துனாங்கன்னு மொதல்ல பொறுமையா கேளுங்க. என்கிட்ட வார பொம்பளைங்கள்ல பாதிப்பேரு சொல்லுறது, வாழ்நாள் பூரா போடணுமாமே, ஈரல் போயிருமாமே, கால் வலிக்குது. அந்தப் பயத்த தீக்காம புண்ணாக்கு வேணாம்னு மட்டும் சொன்னா ஒளிச்சு வெச்சு சாப்பிடுவாங்க. எங்க வீட்டுலயே நடந்துச்சு. எங்கம்மாவும் இதே மாதிரி ஒரு பொடிய நம்பி மாத்திரைய எட்டு மாசம் தலைகாணி உறைக்குள்ள சேத்து வெச்சிருந்தாங்க, நான் மருந்துக்கடையில நின்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன், வீட்டுல இது நடக்குது. நெஞ்சுவலின்னு தூக்கிட்டு ஓடுனப்பறம்தான் தலைகாணிய பிரிச்சுப் பாத்தோம். ஸ்டென்ட் வெச்சு இப்ப நல்லா இருக்காங்க, ஆனா அந்த ராத்திரி எனக்கு மறக்காது. அதான் இவ்வளவு வெரசா பதில் போடுறேன்.

நம்ம உடம்புல இருக்குற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு உடம்பே, முக்கியமா ஈரல், தயாரிக்குறது, சாப்பாட்டுல வாரது கம்மிதான். அட்டோர்வாஸ்டாட்டின் 10 ஒழுங்கா போட்டா எல்டிஎல் மூணுல ஒரு பங்குக்கு மேல குறையும். 168 இருக்குறவங்களுக்கு எந்தப் பொடியும் அந்த வேலைய செய்யாது. கால் வலி, சதை வலி இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி அளவையோ மாத்திரையையோ மாத்திக்கலாம், தானா நிறுத்தக்கூடாது. அப்பறம் அம்மாகிட்ட இதையும் சொல்லுங்க, ஸ்டாட்டின் ஒண்ணும் எங்கயோ ஆகாசத்துல இருந்து வந்த பொருள் இல்ல, ஜப்பான்ல அகிரா எண்டோங்குறவரு 1970கள்ல பூஞ்சைகள்ல இருந்து தேடித்தேடி எடுத்ததுதான் மொத ஸ்டாட்டின், அரிசியில வளந்த பூஞ்சையில இருந்து. இயற்கை இயற்கைன்னு சொல்லுறவங்களுக்கு இது கொஞ்சம் மனசுல எறங்கும், எங்கம்மாவுக்கு எறங்குச்சு.

ஒரு எச்சரிக்கை. தோலோட இருக்குற எள்ளுல ஆக்சலேட் ஜாஸ்தி. அம்மாவுக்கு கிட்னி கல்லு வந்த சரித்திரம் இருந்தா தினமும் ரெண்டு மூணு ஸ்பூன்ங்குறது வேணாம்.

ஆரணி_ரைஸ்மில்

நான் மில்லுக்காரன், எள்ளு பத்தி தெரியாது, தவிடு பத்தி சொல்றேன். ஏன்னா எங்க ஏரியாவுலயும் இதே பேச்சுதான், தவிட்ட வறுத்து சாப்பிட்டா கொலஸ்ட்ரால் போயிடும்னு சொல்லி காலையிலயே ரெண்டு பேரு பையோட வந்து நிக்கறாங்க.

100 கிலோ நெல்லு போட்டா உமி 20 கிலோ, தவிடு ஏழெட்டு கிலோ வரும். அந்த தவிட்டுலதான் எண்ணெயும், கொலஸ்ட்ரால குறைக்கும்னு சொல்ற ஒரைசனால்ங்கற பொருளும் இருக்குது. ஆனா பச்சரிசி தவிடு அரைச்ச நிமிஷத்துல இருந்தே கெட ஆரம்பிச்சிடும் சார், அதுல இருக்கற லைபேஸ் என்சைம் எண்ணெய உடைச்சுக்கிட்டே இருக்கும், மறுநாள் மூட்டைய தொறந்தா ஒரு கசப்பு வாசனை மூஞ்சில அடிக்கும், ரெண்டு நாள்ல நாக்குல வைக்க முடியாது. புழுங்கல் தவிடு பரவாயில்ல, நெல்ல வேகவைக்கறப்பவே அந்த என்சைம் செத்துடுது, எண்ணெயும் அதுலதான் அதிகம். அதனால எண்ணெய் ஆலைக்காரங்க லாரி அனுப்பி அன்னிக்கு தவிட்ட அன்னிக்கே எடுத்துட்டு போறாங்க. வீட்டுக்கு வாங்கிட்டு போறவங்ககிட்ட இத சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. கல்லு, மண்ணு, பூச்சி மருந்து மிச்சம் எல்லாம் அந்த மேல்தோல்லதான் இருக்கும், சாப்பாட்டுக்குன்னு நாங்க அத சுத்தம் பண்றதில்ல, மாட்டுக்கும் ஆலைக்கும் போற சரக்கு அது.

லேப் சார், தவிட்டு எண்ணெயில ஒரைசனால் நெசமா கொலஸ்ட்ரால குறைக்குதா? பாட்டில்ல பெருசா போட்டிருக்காங்க.

ஆயில்லேப்

மில்லுக்காரரே, தவிடு கெடற விஷயத்த இவ்வளவு தெளிவா சொன்னதுக்கு நன்றி, அந்த வாசனை எனக்கு தினமும் பழக்கம்.

தவிட்டு எண்ணெய் கொஞ்சம் குறைக்கும், அது உண்மை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துல 1980கள்லயே இத பாத்திருக்காங்க. அமெரிக்காவுல லூசியானாவுல 2005ல ஒரு அழகான சோதனை பண்ணாங்க, எண்ணெய் எடுத்த தவிட்டு நார தனியா, தவிட்டு எண்ணெய தனியா கொடுத்து பாத்ததுல நார் ஒண்ணும் செய்யல, எண்ணெய் எல்டிஎல்ல 7 சதவீதம் குறைச்சுது. ஆக தவிட்ட வறுத்து திங்கறது வழி இல்ல. அந்த எண்ணெயிலயும் சுத்திகரிப்பு எப்படி நடக்குதுங்கறத பொறுத்துதான் மிச்சம். காஸ்டிக் போட்டு அமிலத்த எடுக்கற பழைய முறையில ஒரைசனால் பெரும்பாலும் சோப் ஸ்டாக்கோட போயிரும், ஆவியில எடுக்கற முறையில பெரும்பகுதி தங்கும். பாட்டில்ல 10,000 பிபிஎம்னு போட்டிருந்தா நூத்துக்கு 1 பங்குன்னு அர்த்தம். வீட்டுல மத்த எண்ணெய்க்கு பதிலா பாதி இத ஊத்திக்கலாம், தப்பில்ல, கூடுதலா ஊத்தக்கூடாது.

கழிவுல இருந்து கொலஸ்ட்ரால் குறைக்கற பொருள் எடுக்கறது நெசமாவே நடக்கற தொழில்தான், அத சொல்லாம விட்டா நியாயம் இல்ல. சமையல் எண்ணெய்க்கு வாடை போக்கறதுக்கு கடைசியில 230 டிகிரிக்கு மேல சூடாக்கி வாக்குவம்ல நீராவி ஊதுவோம். வாடையோட சேந்து வைட்டமின் ஈயும், ஸ்டெரால்ங்கற கொலஸ்ட்ரால் மாதிரியே அமைப்புள்ள தாவரப் பொருளும் ஆவியாகி மேல போகும், அத குளிர வெச்சா வண்டி மசகு மாதிரி பழுப்பா கெட்டியா ஒண்ணு டேங்க் அடியில சேரும். பாத்தா தூக்கிப்போடற கழிவுதான், ஆனா அத டிரம் டிரம்மா விலை கொடுத்து வாங்கிட்டு போறாங்க. இயற்கை வைட்டமின் ஈ மாத்திரை பெரும்பாலும் இதுல இருந்து வர்றதுதான், சில நாடுகள்ல மார்ஜரின்ல (வெண்ணெய் மாதிரி பூசிக்கறது) சேக்கற தாவர ஸ்டெராலும் இதுல இருந்து எடுக்கறாங்க. இந்த ஸ்டெரால் ஆன்டிஆக்சிடன்ட்டா வேலை செய்யறதில்ல, குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சற இடத்த பிடிச்சுக்கிட்டு அத உள்ள விடாம பண்ணும். தினம் 2 கிராம் சாப்பிட்டா எல்டிஎல் 8லிருந்து 10 சதவீதம் குறையும், நிறைய தடவ நிரூபிச்சாச்சு.

இப்ப தம்பி கணக்கு போட்டு பாருங்க. கொட்டைகள், விதைகள்லயே எள்ளுலதான் ஸ்டெரால் அதிகம், 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் பக்கம். 2 கிராம் வேணும்னா அரை கிலோ எள்ளு தினமும் திங்கணும். புண்ணாக்குல அது இன்னும் கம்மி, ஏன்னா ஸ்டெரால் எண்ணெயோட போயிருச்சு. அதான் ரெண்டு ஸ்பூன் பொடிங்கறது கணக்குக்கே வராது.

கடலைக்காடு

இதுல கடலைத்தோலு பத்தி யாரும் பேசலையே. வறுகடலை போடற எடத்துல சாக்கு சாக்கா செவப்புத் தோலு காத்துல பறக்குது, அதுலயும் ஆன்டிஆக்சிடன்ட் இருக்குன்னு கேள்விப்பட்டேன். அரைச்சு சாப்பிடலாமா?

ஆயில்லேப்

இருக்கு, நிறையவே இருக்கு. இன்னைக்கு திராட்சை விதை எக்ஸ்ட்ராக்ட்னு டப்பாவுல விக்கறாங்களே, அந்த வகை பொருள பிரான்ஸ்ல மாஸ்க்லியேங்கற ஆராய்ச்சியாளர் 1940கள் கடைசியில முதல்ல பிரிச்செடுத்ததே கடலையோட செவப்புத் தோல்ல இருந்துதான். அந்த துவர்ப்பு இருக்குல்ல, அதுதான் அது. ஆனா கடலை விஷயத்துல எனக்கு பெரிய பயம் பூஞ்சை. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி திடீர்னு செத்துச்சு, காரணம் தேடிப்போனா தீவனத்துல போட்ட கடலைப் புண்ணாக்கு, அப்பதான் அஃப்ளாடாக்சின்னு ஒரு விஷம் இருக்கறதே தெரிஞ்சுது. வறுத்தாலும் முழுசா போகாது, ஈரலத்தான் தாக்கும். கழிவுன்னு மூலையில குவிச்சு ஈரம் பட்ட தோல, புண்ணாக்க தயவுசெஞ்சு யாரும் வாயில வைக்காதீங்க. தோலோட நல்ல வேர்க்கடலைய ஒரு கைப்பிடி அவிச்சு சாப்பிடுங்க, அந்த துவர்ப்பு அதுலயே கிடைச்சிரும்.

செக்குமேடு தம்பி, வியாபார விஷயத்துக்கு நேரா சொல்றேன். கொலஸ்ட்ரால் பொடின்னு ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. நோய குணமாக்கும்னு எழுதி உணவுப்பொருள் விக்கறது எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி தப்பு. அதவிட முக்கியம், அத நம்பி எவங்க வீட்டு அம்மாவாவது மாத்திரைய நிறுத்துவாங்க. ஆனா நல்ல எள்ளு, கல்லு மண்ணு பொறுக்கி, கழுவி காயவெச்சு, சாப்பாட்டுக்குன்னே தனியா ஒரு ஈடு ஆட்டி, அன்னைக்கே அரைச்சு, காத்து புகாம அடைச்சு 'எள்ளுப் புண்ணாக்கு பொடி, இட்லிக்கும் பொரியலுக்கும்'னு விக்கலாம். செக்குப் புண்ணாக்குல பத்து சதவீதத்துக்கு மேல எண்ணெய் இருக்கும், சீக்கிரம் காறும், அதனால தேதி கம்மியா போடுங்க. சால்வென்ட்ல (ரசாயனக் கரைப்பான் ஊத்தி) எண்ணெய் எடுத்த புண்ணாக்க வாங்கி கலக்க சொல்லி யாராவது வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருங்க.

மருந்துக்கடை_அக்கா

தம்பி அம்மா என்ன சொன்னாங்க? போட்டாங்களா?

செக்குமேடு

ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க, சீசன்ல ராத்திரி பகலா ஆட்டிக்கிட்டு இருந்தோம்.

அக்கா, நீங்க சொன்ன மாதிரி சண்டை போடாம ஏம்மா நிறுத்துனேன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் சொன்னாங்க, அப்பாவோட வைத்தியத்துக்கு ஏற்கனவே இவ்வளவு செலவாகுது, எனக்கும் மாசாமாசம் மாத்திரைன்னா நீ எங்கடா போவ, இது வீட்டுலயே சும்மா கெடக்குதேன்னுதான் நினைச்சேன்னாங்க. நான் வீடியோவத்தான் நம்பிட்டாங்கன்னு கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அடுத்த நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டு போனேன், மாத்திரை அங்கயே இலவசமா கொடுத்தாங்க, இது எனக்கே முன்னாடி தோணல.

ஏழு வாரம் ஒழுங்கா போட்டாங்க, ராத்திரி நானே எடுத்து கையில கொடுத்துருவேன். நேத்து ரிசல்ட் வந்துச்சு, எல்டிஎல் 104. டாக்டர் இன்னும் கொஞ்சம் குறையணும், இதையே தொடருங்கன்னார்.

பொடிக்கு ஸ்டிக்கர் அடிச்சாச்சுங்க, 'எள்ளுப் புண்ணாக்கு பொடி, சமையலுக்கு'ன்னு அவ்வளவுதான், ஆட்டுன தேதி பெருசா போட்டிருக்கேன். பிரெண்டுக்கு வருத்தம்தான். வர்றவங்க கொலஸ்ட்ராலுக்கு கேட்டா மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு அம்மாவே கல்லாவுல உக்காந்து சொல்றாங்க. ஆரணி அண்ணா, தவிடு விஷயத்தையும் சேத்து சொல்லிட்டாங்க, எதிர்ல மில்லுக்காரர் வந்து கேட்டுட்டு போனார்.